கோணத்துக்குக் கோணம் நியூட்ரான்: கணக்கு இடிக்கும்போது எங்கே தேடுவது

கோவையில் சூலூர் தாண்டி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சின்ன பிளாஸ்மா ஃபோகஸ் கருவியோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். கெபாசிட்டரில் சேமித்த மின்சாரத்தை வாயுவுக்குள் ஒரே வீச்சில் பாய்ச்சி, கொதிக்கும் பிளாஸ்மாவாக்கி நசுக்கும் கருவி அது. அப்படி ஒருமுறை பாய்ச்சுவதுதான் ஒரு ஷாட். 15 கிலோவோல்ட், 30 மைக்ரோஃபாரட், ஏறக்குறைய 3.3 கிலோஜூல். 1980-களில் மலேசியாவில் இயற்பியலாளர் சிங் லீ தலைமையில் பயிற்சிக்காக வடிவமைத்து வளரும் நாடுகள் பலவற்றுக்குக் கொடுத்த அதே அளவு. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சில மில்லிபார் நிரப்பிச் சுட்டால், நல்ல நாளில் ஒரு ஷாட்டுக்கு 10⁸ நியூட்ரான் வரும். அத்தனையும் எல்லாத் திசையிலும் சமமாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சூடு உண்டு. 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இருந்த ஸீட்டா கருவியில் வெப்ப அணுக்கரு இணைவு நடந்துவிட்டது என்று உலகத்துக்கே அறிவித்தார்கள். சில மாதத்தில் நியூட்ரான்களின் ஆற்றலைத் திசைவாரியாக அளந்தபோது ஒரு திசைக்கு ஒரு மாதிரி வந்தது. கொதிக்கும் பிளாஸ்மாவிலிருந்து வந்திருந்தால் திசை வேறுபாடு இருக்கக் கூடாது. வேகமாக ஓடிய டியூட்டெரான்கள் (டியூட்டீரிய அணுக்கருக்கள்) மற்றவற்றில் மோதித் தந்த நியூட்ரான்கள் அவை. கொண்டாட்டம் அதோடு முடிந்தது. பிளாஸ்மா ஃபோகஸிலும் பெரும்பங்கு அப்படித்தான்: ஆனோடின் (நடுவில் நிற்கும் நேர்மின்முனையின்) முனையிலிருந்து வெளியே, அச்சின் வழியே ஓடும் டியூட்டெரான் கற்றை. அதனால் அச்சுத் திசையில், அதாவது 0°-யில், பக்கவாட்டான 90°-யைவிட அதிகம் வர வேண்டும். 1.2, 1.5 என்று விகிதம் வருவது சாதாரணம்.

ஆனால் முதலில் கிடைக்கும் விகிதத்தை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் அறையின் விகிதம், அல்லது நியூட்ரானை எண்ணும் கவுண்டரின் விகிதம். கீழே ஒவ்வொரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். கருவியைத் தொடும் முன் கெபாசிட்டர்களை எர்த் கம்பியால் ஷார்ட் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரானைவிட அதுதான் ஆளைக் கொல்லும். 10⁸ நியூட்ரானில் 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு ஷாட்டுக்கு 0.3 மைக்ரோசீவர்ட் அளவுதான். ஆனாலும் தடுப்புச் சுவரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

டியூட்டீரியமே இல்லாதபோதும் எண்ணிக்கை வருகிறது

முதலில் இதைத் தீர்க்காமல் வேறெதையும் பார்க்காதீர்கள். சாதா ஹைட்ரஜனை அதே அழுத்தத்தில் நிரப்பிப் பத்து ஷாட் சுடுங்கள். பூஜ்யம் வர வேண்டும், அதாவது பின்னணி அளவு மட்டும்.

வந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, ஸ்பார்க் கேப் (மின்சாரத்தைத் திறந்துவிடும் தீப்பொறி ஸ்விட்ச்) வெடிக்கும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் கேபிள் வழியாக உள்ளே வருகிறது. சில்வர் ஆக்டிவேஷன் கவுண்டர் (வெள்ளி சுற்றிய கெய்கர் குழாயை மெழுகுக் கட்டைக்குள் வைத்தது) வைத்திருந்தால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நியூட்ரான் பட்ட வெள்ளியில் இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் உண்டாகின்றன: வெள்ளி-110-க்கு அரை ஆயுள் 24.6 விநாடி, வெள்ளி-108-க்கு சுமார் 2.4 நிமிடம். ஷாட்டோடு சேர்த்தே எண்ணத் தொடங்கி, ஐந்து ஐந்து விநாடியாகப் பிரித்து எழுதுங்கள். உண்மையான நியூட்ரான் என்றால் முதல் அரை நிமிடத்தில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் இறங்கும். இரைச்சலுக்கு அரை ஆயுள் கிடையாது. முதல் ஐந்து விநாடியில் குவிந்து, அடுத்ததில் காணாமல் போகும்.

இரண்டாவது, வன் எக்ஸ் கதிர், அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர். இது சின்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் உணரி) வைத்திருப்பவர்களின் தொல்லை. கீழே வருகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நேற்று டியூட்டீரியத்தில் சுட்டுவிட்டு இன்று ஹைட்ரஜன் நிரப்பினால் சுவரிலும் ஆனோடிலும் ஊறிய டியூட்டீரியம் கொஞ்சம் வெளியே வந்து நிஜமாகவே நியூட்ரான் தரும். பல முறை பம்ப் செய்து கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லாக் கோணத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை

பார்த்ததும் சந்தோஷப்பட்டு "எங்கள் பிளாஸ்மா வெப்ப அணுக்கரு பிளாஸ்மா" என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். பத்துக்கு ஒன்பது தரம் அது அறைச் சுவர்.

டியூட்டீரிய இணைவில் பிறக்கும் 2.45 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் கான்கிரீட்டில் பட்டுத் திரும்பி அறை முழுக்கச் சுற்றுகிறது. மெழுகுக்குள் வைத்த வெள்ளி, ஹீலியம்-3 குழாய் போன்றவை மெதுவான நியூட்ரானையும் ஆசையாகப் பிடிக்கும். எல்லாக் கவுண்டருக்கும் பொதுவாக ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. உண்மை விகிதம் 1.6 என்று வையுங்கள். 90°-யில் நேராக வருவதற்குச் சமமான அளவு சுவரிலிருந்தும் வந்தால் நீங்கள் காண்பது 2.6-க்கு 2, அதாவது 1.3. அவ்வளவுதான், பாதி வேறுபாடு கரைந்துவிட்டது.

சோதனை எளிது. ஒரே கோணத்தில் கவுண்டரை 0.5 மீட்டரிலும் 1 மீட்டரிலும் வைத்து அளங்கள். நேர் நியூட்ரான் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். சுவர் நியூட்ரான் ஏறக்குறைய மாறாது. 0.5-ல் 900, 1 மீட்டரில் 300 வந்தால்: நேர் பங்கு 1 மீட்டரில் 200, சுவர்ப் பங்கு 100. சுவரே இல்லையென்றால் 225 வந்திருக்க வேண்டும். மூன்று நான்கு தூரத்தில் எடுத்து வரைபடம் போட்டால் இன்னும் நம்பிக்கை.

இன்னொரு வழி நிழல் கட்டை. கருவிக்கும் கவுண்டருக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் இரும்பும் அதன்பின் 30 சென்டிமீட்டர் மெழுகும் வைத்து நேர் வழியை மறைத்துவிட்டால் மிச்சம் எண்ணுவது முழுக்கச் சுவர் சரக்கு. அதை ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். ஒரு கோணத்தில் அளந்து எல்லாவற்றுக்கும் அதையே கழிப்பவர்கள் உண்டு. எங்கள் அறை போல ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் ஜன்னலுமாக இருந்தால் அது ஆகாது.

காட்மியத் தகடு சுற்றுவது வெப்ப நியூட்ரானை, அதாவது மிக மெதுவானதை, மட்டும் தடுக்கும். சுவரில் பட்டுப் பாதி வேகத்தில் திரும்புவது காட்மியத்தை மதிக்காமல் உள்ளே வரும். முடிந்தால் வாசல் ஆற்றல் உள்ள (அதற்குக் கீழே உள்ள நியூட்ரானை எண்ணவே எண்ணாத) கவுண்டருக்கு மாறுங்கள். பெரிலியத்தின் வினை சுமார் 0.67 மெகா எலக்ட்ரான்வோல்டுக்கு மேல்தான் நடக்கும், அரை ஆயுள் 0.8 விநாடி. இண்டியம்-115-ன் கிளர்வு நிலை 4.5 மணி நேர அரை ஆயுளோடு 336 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா தரும், அதற்கும் வாசல் உண்டு. ஆனால் 10⁸ தரும் கருவியில் இண்டியம் ஒரு ஷாட்டுக்குப் போதாது; வரிசையாகப் பல ஷாட் சுட்டுச் சேர்க்க வேண்டும்.

ஒரு கோணம் மட்டும் சில நாள் அதிகம், சில நாள் சரி

இது எங்களைத் தின்ற நோய். 60° கவுண்டர் திங்கட்கிழமை பதினைந்து சதவீதம் அதிகம் காட்டும். வெள்ளிக்கிழமை ஒழுங்காக இருக்கும். கேபிளை மாற்றினோம், குழாயை மாற்றினோம், ஹை வோல்டேஜ் சப்ளையைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடத்தைப் பெருக்க வரும் அக்கா. "சார், தண்ணி வந்த அன்னிக்குத்தானுங்க இப்படித் தலைல கைய வெச்சுட்டு உக்காந்திருப்பீங்க" என்றார் சிரித்துக்கொண்டே. சுவருக்கு அந்தப் பக்கம், 60° கவுண்டருக்கு நேர் பின்னால், 200 லிட்டர் நீல டிரம். குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும். அன்று டிரம் நிறையும், வாரக் கடைசியில் காலி. நடுவில் இருந்ததோ வெறும் பிளைவுட் தடுப்பு. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் நியூட்ரானை மெதுவாக்கிக் கவுண்டருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

அதனால் அறைக்குள்ளும் சுவருக்கு அப்பாலும் ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது என்று ஒரு சுற்று வந்து பாருங்கள்: தண்ணீர் டிரம், எண்ணெய் நிரப்பிய கெபாசிட்டர், மெழுகுப் பெட்டி, பம்புக்கு வாங்கி வைத்த ஆயில் கேன், ஏன், கவுண்டரின் பக்கத்தில் நின்று பார்க்கும் மாணவனும்தான். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். முடியாததை நகராமல் வையுங்கள்.

ஒரே கவுண்டர் எந்தக் கோணத்தில் வைத்தாலும் குறைவு

கவுண்டர்களை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. குறை கவுண்டரோடு நகர்ந்தால் கவுண்டரின் தப்பு. இடத்திலேயே நின்றால் கருவி அல்லது அறை.

எங்களுக்கு நகர்ந்தது. நான்கு மெழுகுக் கட்டையையும் நாங்களே தகர டப்பாவில் ஊற்றி வார்த்திருந்தோம். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் குழாய்க்குத் துளை போடக் கொடுத்தபோது நான்கையும் தராசில் வைத்துவிட்டு, "ஏனுங்க சார், இந்த ஒண்ணு மட்டும் கால் கிலோ கம்மியா இருக்குதுங்களே" என்றார். அறுத்துப் பார்த்தால் நடுவில் சாத்துக்குடி அளவு குழி. ஃபவுண்டரியில் பத்து வருடம் இருந்தவர் அவர். "ரைசர் வெக்காம ஊத்துனா உள்ள குழி விழுகத்தானுங்க செய்யும், இரும்பா இருந்தா என்ன, மெழுகா இருந்தா என்ன" என்றார். மெழுகு உறையும்போது நன்றாகவே சுருங்கும். மேலே கூடுதலாக ஊற்றி, நடு உறையும் வரை சூடான மெழுகை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது பாலித்தீன் கட்டையாக வாங்கிக் கடைந்துகொள்ளலாம். காசு அதிகம், தலைவலி குறைவு.

கட்டை சரியென்றாலும் கெய்கர் குழாய்கள் ஒன்றுபோல் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒப்பீட்டு எண் எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் மூலம் கிடைத்தால் கலிஃபோர்னியம்-252 தேவலை. அதன் சராசரி ஆற்றல் 2 மெகா எலக்ட்ரான்வோல்டுக்குச் சற்று மேல், நம் நியூட்ரானுக்குக் கிட்ட. அமெரீசியம்-பெரிலியத்தில் சராசரி 4-க்கு மேல் போய்விடும்.

0°-யும் 180°-யும் காரணமில்லாமல் இடிக்கிறது

180° பக்கம் கருவியின் அடிப்பகுதி: பித்தளைத் தட்டு, செம்பு ஆனோடு, கலெக்டர் பிளேட், கெபாசிட்டர். நியூட்ரான் இதையெல்லாம் துளைத்து வர வேண்டும். அங்கே வரும் எண்ணிக்கையை அப்படியே எடுத்து 0°-யோடு ஒப்பிட்டால் உலோகத்தின் தடிமனைத்தான் அளக்கிறீர்கள். பிளாஸ்மா பிஞ்ச் (பிளாஸ்மா நசுங்கி நியூட்ரான் பிறக்கும் இடம்) இருக்கும் இடத்திலேயே நியூட்ரான் மூலத்தை வைத்து இந்தத் திருத்தத்தை அளக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 180°-யை விட்டுவிடுங்கள். 0° முதல் 110° வரை ஒழுங்காக அளந்ததே மேல்.

அப்புறம், கவுண்டரின் தூரத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? பிஞ்ச் உண்டாவது ஆனோடு முனைக்குச் சற்று முன்னால், ஒன்று இரண்டு சென்டிமீட்டர். ஃபிளாஞ்சிலிருந்து அளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 சென்டிமீட்டர் என்று நினைத்த இடம் உண்மையில் 45 என்றால் எண்ணிக்கையில் 23 சதவீதம் தப்பு வரும். அதுவும் 0°-யில் மட்டும் வரும், 90°-யில் வராது. நீங்கள் தேடும் வேறுபாடே அந்த அளவுதான். நாங்கள் கொத்தனார் முறையில் தூக்குக்குண்டும் நூலும் வைத்து, பிஞ்ச் இருக்கும் புள்ளியைத் தரையில் இறக்கி, அங்கிருந்து வட்டம் போட்டோம். 0°-யின் எண்ணிக்கை 90°-யைவிடக் குறைவாக வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நூல்தான்.

ஷாட்டுக்கு ஷாட் விகிதம் துள்ளுகிறது

பிளாஸ்மா ஃபோகஸ் குணமே அதுதான். ஒரு ஷாட்டில் 2×10⁸, அடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரே கவுண்டரைக் கோணம் கோணமாக நகர்த்தி அளப்பது வீண். குறைந்தது இரண்டு கவுண்டர் வேண்டும். ஒன்று எப்போதும் 90°-யில் சாட்சியாக நிற்கட்டும். ஒவ்வொரு ஷாட்டையும் அந்தச் சாட்சியால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் எங்களிடம் சாட்சி இல்லை. காலையில் 0°, சாயங்காலம் 90° என்று அளந்தோம். விகிதம் 1.9! பக்கத்தில் சோமனூர் விசைத்தறிகள் முழு மூச்சில் ஓடும் நேரத்தில் எங்கள் லைனில் வோல்டேஜ் விழுந்து, சார்ஜர் 15-க்குப் பதில் 14 கிலோவோல்டில் நின்றுவிடும். நியூட்ரான் எண்ணிக்கை சேமித்த ஆற்றலின் வர்க்கமாக, அதாவது வோல்டேஜின் நான்காம் அடுக்காக மாறுகிறது. 14-க்கு வந்தாலே கால் பங்கு போச்சு. நாங்கள் அளந்தது தறி ஓடும் நேரத்தை.

கணக்கு போடும்போது ஒன்று: ஒவ்வொரு ஷாட்டின் விகிதத்தையும் சராசரி எடுத்தால் எண்ணிக்கை குறைந்த ஷாட்கள் விகிதத்தைக் கன்னாபின்னா என்று இழுத்துவிடும். எல்லா ஷாட்டின் 0° கூட்டுத்தொகையை எல்லா ஷாட்டின் 90° கூட்டுத்தொகையால் வகுங்கள். 100 எண்ணிக்கை என்றால் 10 சதவீதப் பிழை சும்மாவே உண்டு, 1.2-யும் 1.0-யும் பிரித்துச் சொல்ல ஆயிரக்கணக்கில் வேண்டும்.

அவசரமும் கூடாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு ஷாட் சுட்டால் முந்தைய ஷாட்டின் வெள்ளி-108-ல் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். கோணம் மாற்றிய உடனே சுட்டால் பழைய கோணத்தின் பாக்கி புதிய கோணத்தில் சேரும். 12 நிமிடம் விட்டால் மூன்று சதவீதத்துக்கு வந்துவிடும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எண்ணிக்கை அதிகமான ஷாட்களில் விகிதம் குறைகிறது

கவுண்டர் திணறுகிறது. ஹீலியம்-3 குழாயில் மொத்த நியூட்ரானும் சில நூறு மைக்ரோ விநாடிக்குள் வந்து விழும். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒன்றாக எண்ணப்படும். அதிகம் வாங்கும் 0° குழாய்தான் முதலில் திணறும், விகிதம் 1-ஐ நோக்கிச் சரியும். கவுண்டரைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

சின்டிலேட்டரில் எது நியூட்ரான் முகடு என்றே தெரியவில்லை

முதல் முகடு வன் எக்ஸ் கதிர், ஒளி வேகம். இரண்டாவது நியூட்ரான். 2.45 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானுக்கு மீட்டருக்கு 46 நானோ விநாடி. சின்டிலேட்டரை ஒரு மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் முகடுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 43 நானோ விநாடி கூட வேண்டும். கூடவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது கேபிளின் எதிரொலி; கேபிளின் முடிவில் 50 ஓம் மின்தடை போட மறந்திருப்பீர்கள். முதல் முகடு திரையைத் தாண்டிப் போய் ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் ஃபோட்டோமல்டிபிளையரையே மயக்கிவிடுகிறது என்றால் முன்னால் 5 சென்டிமீட்டர் ஈயம் வையுங்கள். எல்லாக் கோணத்துக்கும் அதே தடிமன், அதே கட்டை.

இங்கேதான் ஆற்றலின் திசை வேறுபாடும் தெரியும். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் டியூட்டெரான் கற்றை என்றால் நியூட்ரான் 0°-யில் 2.85, 90°-யில் 2.48, 180°-யில் 2.15 மெகா எலக்ட்ரான்வோல்ட். 3 மீட்டர் தூரத்தில் இவை வந்து சேர 128, 138, 148 நானோ விநாடி. வித்தியாசம் பத்துப் பத்துதான். சாதா காக்சியல் கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் ஓட 5 நானோ விநாடி. 0° கேபிள் 2 மீட்டர் நீளமாக இருந்தால் வேறுபாடு முழுக்கக் காணாமல் போய்விடும். குட்டையாக இருந்தால் இரட்டிப்பாகும். எல்லாக் கேபிளையும் ஒரே நீளத்தில் வெட்டுங்கள், அவ்வளவு நீளம் தேவையில்லாத இடத்தில் மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். நியூட்ரான் வெளிவருவதே பல பத்து நானோ விநாடி நீடிக்கும் என்பதால் தூரத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். எங்கள் அறையில் முடியவில்லை. வராந்தாவுக்குக் கதவைத் திறந்து 7 மீட்டர் போனோம்.

ஆற்றல் கோணத்துக்குக் கோணம் மாறுவதால் கவுண்டரின் உணர்திறனும் மாறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2.15-க்கும் 2.85-க்கும் நடுவில் உங்கள் கவுண்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் விகிதத்துக்கு இரண்டாம் தசமம் எழுதாதீர்கள்.

சிஆர்-39 தகடுகளில் பக்கவாட்டில் மட்டும் தடம் குறைவு

சிஆர்-39 என்பது அரித்தால் நியூட்ரான் விட்ட தடம் தெரியும் பிளாஸ்டிக் தகடு. தகட்டை நேராகத் திருப்பி வைத்தீர்களா? சாய்வாக வரும் நியூட்ரான் தரும் தடங்களில் பல, அரிப்பில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தகடும் பிஞ்ச்சை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில், 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் அரியுங்கள். கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாத ஒரு தகட்டையும் அதோடு போடுங்கள். ரேடான் போட்ட தடங்கள் எத்தனை என்று அது சொல்லும்.

விகிதம் சரி, மொத்த எண்ணிக்கை மட்டும் அதிகமாக வருகிறது

0°-யில் அளந்ததையே எல்லாத் திசைக்கும் சமம் என்று வைத்து 4π-யால் பெருக்கியிருப்பீர்கள். அச்சைச் சுற்றி 15°-க்குள் இருக்கும் இடம் மொத்தக் கோளத்தில் 1.7 சதவீதம்தான், பெரும்பாலான நியூட்ரான் இடுப்புப் பக்கம் போகிறது. கோணத்தின் சைன் மதிப்பால் எடை போட்டுக் கூட்டுங்கள். எங்கள் பழைய நோட்டில் ஒரு வருடத்து மொத்த எண்ணிக்கைகள் எல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருத்தப்பட்டிருப்பது இதனால்தான்.